ஸ்டார்ட் பட்டன் எங்கப்பா போச்சு?

மம்பட்டிக்குப் புதுக் காம்பு போட்டாலும் பிடிக்கிற இடம் மாறாதுங்க. கம்ப்யூட்டர் அப்படியில்லை. 1995லிருந்து இடது கீழ்மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை 2012ல் விண்டோஸ் 8 எடுத்தே விட்டது. ஊரெல்லாம் கத்தின பிறகு 2013ல், 8.1ல் திரும்ப வந்தது. 2021ல் விண்டோஸ் 11 அதை நடுவில் கொண்டுவந்து வைத்தது.

உங்களுக்கு இது ஒருநாள் எரிச்சல். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுகிற பெரியவர்கள் ஆங்கிலம் படித்து அழுத்துவதில்லை. இடம் பார்த்துத்தான் கை போகும். இடம் மாறினால், பேரன் லீவுக்கு வரும்வரை தீவனக் கணக்கு பழைய நோட்டுக்கே போயிரும்.

செட்டிங்ஸில் 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதை இடதுபக்கம் மாற்றினால் பட்டன் பழைய மூலைக்கு வந்துவிடும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு இதை மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போங்க.