பருவமும் பருவும் ஓர் அமிலமும்

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொல்லிவைத்த பெரியவருக்கு முகப்பரு வந்ததே இல்லை போலும். வந்திருந்தால் அகத்தை முகத்தில் போய்த் தேடச் சொல்லியிருக்க மாட்டார். எங்கள் வகுப்பில் பருவே இல்லாத முகங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பேராசிரியப் பெருமக்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும், கைப்பேசியின் திரையைக் கண்ணாடியாக்கித் தம் மோவாயைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர். அந்தப் பலரில் நானும் ஒருத்தி.

பரு வந்தவளுக்கு அறிவுரைப் பஞ்சம் இருந்ததே இல்லை. விடுதியில் என் அறைத்தோழி பற்பசை தடவச் சொன்னாள். சித்தி எலுமிச்சைச் சாறு என்றார். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "கடலைமாவு போடு கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டே காட்டினார். என் தாயார் மட்டும் மருந்து சொல்லவில்லை, தீர்ப்புச் சொன்னார்: "எண்ணெய்ப் பலகாரம் தின்னா வராம என்ன செய்யும்?" இந்த எண்ணெய்க்கும் பருவுக்கும் வேறொரு வகையில் உறவு உண்டு என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கரிம வேதியியல் பாடத்தில் இருகார்பாக்சிலிக் அமிலங்கள் என்று ஒரு வரிசை வரும். ஆக்சாலிக், மலோனிக், சக்சினிக், குளுட்டாரிக், அடிப்பிக் என்று நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். அடிப்பிக் அமிலத்திலிருந்து நைலான் கிடைப்பதால் அதுவரை தேர்வில் கேட்பார்கள். அதற்கப்பால் பிமெலிக், சுபெரிக், அசெலாயிக், செபாசிக் என நீளும் பெயர்களை யாரும் கேட்பதில்லை, நாங்களும் படிப்பதில்லை. அந்த வரிசையில் எட்டாவதாக, ஒன்பது கார்பன் அணுக்களோடு, இரு முனைகளிலும் அமிலத் தொகுதியைத் தாங்கி நிற்கும் அசெலாயிக் அமிலத்தை ஒரு நாள் மருந்துச் சீட்டில் கண்டேன். பாடநூலின் கடைசி வரியில் பார்த்த ஒருவரைத் திருவிழாக் கூட்டத்தில் நேரில் சந்தித்தது போலிருந்தது.

அந்தச் சீட்டு முதலில் எனக்காக எழுதப்பட்டதன்று. என் அக்காவுக்காக மருத்துவமனைக்குப் போனோம்.

அக்காவுக்கு முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோதே இரு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. பிள்ளை பெற்ற பின்னும் அது போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தாம் போட்டுக்கொள்ளும் களிம்பின் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார். அதைக் காட்டியதும் மருந்துக் கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் மூன்று மாதம் அக்காவின் முகம் பளிங்கு மாதிரி ஆயிற்று. மாமியார் வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள். பிறகு அடுப்படியில் நின்றால் முகம் எரியத் தொடங்கியது. கன்னம் சிவந்து, அதன்மேல் மெல்லிய இரத்த இழைகள் தெரிந்தன. மோவாயில் பூனைமயிர் அடர்ந்தது. கல்லூரி நாள்களிலேகூடப் பரு காணாதவளுக்கு வரிசையாகப் பருக்கள் வந்தன. பயந்துபோய் நிறுத்தினால் நான்கே நாளில் முகம் வீங்கிச் சிவந்து, முன்னினும் மோசமாயிற்று. மறுபடி தடவினால் அடங்கியது. நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் அவள் ஒன்றரை ஆண்டு அந்தக் குழாயோடு வாழ்ந்தாள். திருமணம், காதுகுத்து என்று எங்கும் வராமல், "தலைவலி" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு மருத்துவர் ஓர் அம்மையார். அந்தக் குழாயைத் திருப்பிப் பார்த்தவுடன் கேட்டார்:

"இத யாரும்மா போடச் சொன்னது?"

"பக்கத்து வீட்டு அக்கா, மேடம்."

"எத்தனை மாசம் போட்ட?"

அக்கா பதில் சொல்லாமல் அழத் தொடங்கினாள். மருத்துவர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "உன் மேல தப்பில்லம்மா. இதுல மூணு மருந்து இருக்கு. அதுல ஒண்ணு ஸ்டீராய்டு" என்று எங்களுக்கு விளக்கினார்.

அதன் வரலாற்றைப் பிறகு நானே நூலகத்தில் தேடிப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து மங்குக்குத் தரும் முறையை 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் போட்டால் அது நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்து, அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை விரித்துவிடும். நம் நாட்டில் இந்தப் பாதிப்பு எவ்வளவு பரவியுள்ளது என்றால், இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று அதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று விதித்தது. விதி இருக்கிறது. கடைக்காரருக்கும் அது தெரியும்.

அக்காவுக்கு முதல் சில மாதங்கள் ஸ்டீராய்டை விட்டொழிக்கும் மருத்துவம்தான். முகம் ஓரளவு அடங்கிய பிறகே, மிஞ்சிய சிவப்புக்கும் பருவுக்கும் பழைய மங்குக்குமாக அசெலாயிக் அமிலக் களிம்பை, குறைந்த அளவான 10 விழுக்காட்டில் எழுதினார். எழுதியவர் துணைக்கு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் உக்காரு. உனக்கும் அதுதான்" என்றார். எனக்கு 20 விழுக்காடு!

ஒரே பொருள் பருவுக்கும் சிவப்புக்கும் கருமைக்கும் எப்படி உதவும்? இது கேட்க வேண்டிய கேள்விதான். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் விற்பவரை நாம் நம்புவதில்லை அல்லவா? ஆனால் இந்த அமிலத்தின் பிறப்பே விடை சொல்கிறது.

நம்மூரில் தேமல் தெரியாதவர் இல்லை. வெயிலும் வேர்வையும் சேரும் மாதங்களில் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய திட்டுகளாகப் படரும். கிராமத்தில் பூவரசங்காயை உரைத்துப் போடுவார்கள். அதற்குக் காரணம் எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சை. பூஞ்சை படர்ந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று ரோமாபுரியில் மார்செல்லா நஸ்ஸாரோ-போர்ரோ என்ற பெண் மருத்துவரும் சீரோ பாஸ்ஸி என்ற ஆய்வாளரும் ஆராய்ந்தனர். அப்பூஞ்சை கொழுப்பைச் சிதைத்து உண்டாக்கும் இருகார்பாக்சிலிக் அமிலங்கள், தோலில் கருநிறத்தை உருவாக்கும் டைரோசினேஸ் என்னும் நொதியைத் தடுக்கின்றன என்று 1978-ல் எழுதினர். (தேமல் வெளுப்புக்கு அப்பூஞ்சையின் வேறு பொருள்களே முக்கியக் காரணமாகலாம் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. அதனால் மருந்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.) மங்குக்காக இதைப் போட்டுப் பார்த்தபோது முகப்பருவும் குறைவது தெரிந்தது. 1983-ல் அதைத் தனியே ஆராய்ந்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 20 விழுக்காட்டுக் களிம்பு பருவுக்காக 1995-லும், 15 விழுக்காட்டுக் கூழ் ரோசேசியா என்னும் சிவப்பு நோய்க்காக 2002-லும் ஒப்புதல் பெற்றன.

டைரோசினேஸ் என்றதும் விலங்கியல் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம். மற்றவர்கள் சமையலறைக்கு வாருங்கள். நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுப்பதற்கும் இதே குடும்பத்து நொதிதான் காரணம். தாமிரம் தாங்கிய இந்த நொதி நம் தோலில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து மெலனினாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. அசெலாயிக் அமிலம் டைரோசினின் இருக்கையில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. காலை நேரத்து நகரப் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

பருவின் கதை வேறு. மயிர்க்கால் துளையில் எண்ணெய் சுரக்கிறது. துளையின் வாயை உரிந்த தோல் அடைக்கிறது. உள்ளே குட்டிபாக்டீரியம் அக்னெஸ் என்ற நுண்ணுயிரி பெருகுகிறது. உடல் அதோடு சண்டை போடுகிறது, சிவந்து வீங்குகிறது. இந்த அமிலம் துளை அடைபடுவதைக் குறைக்கும். நுண்ணுயிரியின் புரத உற்பத்தியைக் கெடுக்கும். சண்டையின் சூட்டையும் தணிக்கும். கடைசியாகச் சொன்ன இந்தக் குணமே சிவப்புக்கும் உதவுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நீண்டநாள் தடவினால் நுண்ணுயிரி அவற்றுக்குப் பழகிவிடும். இதற்கு அப்படிப் பழகுவது பெரிதாகக் காணப்படவில்லை. கருவுற்ற பெண்களுக்குப் பரு மருந்துகள் பலவற்றைத் தயங்கியே கொடுக்கும் மருத்துவர்கள், இதை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகக் கருதுகிறார்கள்.

இப்போது எண்ணெய்க் கதைக்கு வருகிறேன். ஒலியிக் அமிலத்தில் கார்பன் 18. சரியாக நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அதை ஓசோனால் வெட்டினால் ஒன்பது ஒன்பதாக இரண்டு துண்டு. அவற்றில் ஒன்று அசெலாயிக் அமிலம். தொழிற்சாலையில் இப்படித்தான் செய்கிறார்கள். முற்காலத்தில் நைட்ரிக் அமிலத்தால் ஒலியிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்து எடுத்தார்கள். பெயரில் உள்ள 'அசெ' நைட்ரஜனையும் 'எலாயி' எண்ணெயையும் குறிக்கும். ஒலியிக் அமிலம் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைய உண்டு. ஆக, அம்மா பழி சொன்ன எண்ணெயிலேயே மருந்தின் மூலப்பொருள் இருக்கிறது! இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பஜ்ஜியத் தடவிக்கோ" என்றார். இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. பழைய எண்ணெய் ஓவியங்களில் காலப்போக்கில் எண்ணெய் சிதைந்து இதே அமிலம் உண்டாகிறது. ஓவியம் எண்ணெயில் தீட்டியதா, முட்டைக் கருவில் தீட்டியதா என்று அறிய அருங்காட்சியக வேதியியலார் இதன் அளவைப் பார்க்கிறார்கள்.

மருந்தைப் போட்ட முதல் இரவு, முகத்தில் ஆயிரம் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. கால் மணி நேரத்தில் அடங்கியது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பின் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பூசவேண்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதன்று. முதல் வாரங்களில் இரவில் மட்டும், தோல் பழகியதும் இரு வேளை. மூன்றாம் வாரத்தில் எறும்புகள் போய்விட்டன. ஒரு மாதம் கழிந்த பிறகே புதிய பருக்கள் குறைந்தன. மோவாயிலிருந்த கறுத்த தடங்கள் மங்க நான்கு மாதம் ஆயிற்று. ஒரு வாரத்தில் பலன் என்று விளம்பரம் செய்ய இந்த மருந்து லாயக்கில்லை.

இதற்கிடையே அம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. இரண்டாவது முறை போனபோது தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, இதப் போட்டா சின்னவ கொஞ்சம் நிறமா வருவாளா? தரகர் போட்டோ கேட்டுக்கிட்டே இருக்காரு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "வரமாட்டாம்மா. அவ நிறம் அவ நிறந்தான். கறை மட்டுந்தான் போகும்."

அவர் சொன்னது அறிவியலும்கூட. அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களைத்தான் இந்த அமிலம் அடக்குகிறது. இயல்பாக வேலை செய்யும் செல்களை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. தடங்கல் இல்லாத மாநிறத் தோலில் ஆண்டுக்கணக்கில் பூசினாலும் அது மாநிறமாகவே இருக்கும். அம்மா திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. பேருந்து விட்டு இறங்கும்போது, "அப்புறம் எதுக்கு இத்தனை விலை?" என்று மட்டும் கேட்டார்.

நான் தமிழ்த்துறை மாணவியல்லள். ஆனாலும் பொதுத்தமிழ் வகுப்பில் கேட்டதை மறக்கவில்லை. சங்கப் புலவர்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகென்று போற்றினார்கள். பிரிவுத் துயரால் அந்நிறம் கெட்டு வெளிறுவதே பசலை என்று தலைவி வருந்தினாள். உரையாசிரியர்கள் தேமல் என்று பொருள் சொல்லும் சுணங்கைக்கூட அழகில் சேர்த்தார்கள். அந்தப் புலவர்களின் வழிவந்த வீடுகளில் இன்று தரகர் வந்து போட்டோவை வெளுப்பாக்கித் தரச் சொல்கிறார். இந்தியாவெங்கும் பெயர்பெற்ற ஒரு களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் 2020-ல் எடுக்கப்பட்டது. தரகரின் பையிலிருந்து அதை எடுப்பவர் யாரென்று தெரியவில்லை.

சிவப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் போன்ற கருமை கலந்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. எரிச்சலும் சூடும்தான் தெரியும். அக்கா எரிகிறது என்று சொன்ன முதல் மாதங்களில், "ஒண்ணும் தெரியலையே" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மருத்துவர்தான் விளக்கொளியில் கன்னத்தை அழுத்திப் பார்த்து, "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அக்கா முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

இன்று அக்காவின் முகத்தில் பருக்கள் இல்லை. பூனைமயிர் மெலிந்துவிட்டது. இரத்த இழைகள் சில அப்படியேதான் இருக்கின்றன. அவை களிம்புக்கு அடங்கா, லேசர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மங்கு பாதிக்கு மேல் மங்கியது. சித்திரை வெயிலில் மாடியில் வற்றல் காயப் போட்ட வாரத்தில் மீண்டும் சற்றுக் கறுத்தது. வெயில் தடுப்புக் களிம்பில்லாமல் எந்த மருந்தும் மங்கை வெல்லாது என்று மருத்துவர் கண்டித்தார். இப்போது தலையில் முக்காடும் முகத்தில் வெண்பூச்சுமாக மாடியேறுகிறாள். அவள் மகள் பின்னாலேயே போய், தனக்கும் பூசச் சொல்லிக் கன்னத்தை நீட்டுகிறாள். சென்ற மாதம் எங்கள் சித்தப்பா மகன் திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடைக்கு அழைத்தபோது புகைப்படத்துக்கும் வந்து நின்றாள்.