கிளிப் போடுற வயசு

பள்ளிக்கூடம் திறந்து மூணாம் வாரம். அக்கா மகள் சாயங்காலம் வந்ததும் பையைத் திண்ணையில் எறிந்தாள். ஊர்த்தெருப் பையன்கள் அவளுக்கு ‘எத்துப்பல்லி’ன்னு பேர் வச்சிருக்கானுங்க. அதுக்கு முன்னால சாதிப் பேரையும் சேர்த்துக்கிட்டானுங்க. எனக்கு அது புதுசில்ல. 25 வருசத்துக்கு முன்னால அதே பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதே பேர்தான். எம்.ஏ. தமிழ் படிச்சு, மேடையேறிப் பேசுகிற இந்த வயசிலும் சிரிப்பு வந்தால் கை தானா வாயை மூடப் போகுது.

எனக்குச் சொத்தையான பால்பல்லைச் சின்ன வயசிலேயே புடுங்கிட்டாங்க. விழப்போற பல்தானே என்றார்கள். காலத்துக்கு முன்னால பால்பல் போனா பக்கத்துப் பல் அந்த இடத்துல சாயும், அடுத்து முளைக்கிற பல்லுக்கு இடமிருக்காது. இதைச் சொல்ல எங்க சேரிக்கு யார் வந்தா?

கிளிப் போடணும் என்றாள். டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்தார். “காலனியா? இதெல்லாம் சுத்தமா வச்சுக்கணும்மா, மாசாமாசம் வரணும். உங்களால ஆகுமா?” அவ்வளவுதான். பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லவேயில்லை. பல் தயாரா இல்லையான்னு தெருவை வச்சே முடிவு பண்ணிட்டார்.

அடுத்து அரசுப் பல் மருத்துவமனை. மதியம் வரைக்கும் காத்திருந்தோம். மேற்படிப்புப் படிக்கிற ஒரு பெண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, பிள்ளையிடமே விளக்கினார். வயசு மட்டும் கணக்கில்லையாம். பால்பல் 20ம் விழுந்து நிரந்தரப் பல் வரணும். பெரும்பாலும் 11லிருந்து 14க்குள். இவளுக்கு 12 வயசு, மேலே ஒரு பால் கோரைப்பல் இன்னும் விழல. தாடை வளர்கிற காலத்தில் செய்தால் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதையும் ஓரளவு சரிபண்ணலாம். வளர்ச்சி நின்ன பிறகும் பல்லை நகர்த்தலாம். தாடை எலும்பைத் திருத்த அறுவை தேவைப்படலாம். 7 வயசில் ஒருமுறை காட்டியிருக்கலாம் என்றார். எங்க தெருவில் 7 வயசுப் பிள்ளையைப் பல்லுக்காக யாரு கூட்டிப்போறாங்க? ரெண்டு சொத்தையை அடைச்சு, ஈறில் ரத்தம் வர்றது நின்ன பிறகுதான் கிளிப். ஒன்றரை, ரெண்டு வருசம் ஆகும்.

“உனக்கு வேணுமா?” என்று அவளைக் கேட்டார். நான் இதைக் கேட்டிருக்கவில்லை.

எனக்குள்ளே ஒரு தயக்கம் இருந்தது. அவனுங்க கேலிக்காக நம்ம வாயை ஏன் திருத்தணும்? கூட்டத்தில் பேசினால் கைதட்டல் வாங்குகிற கேள்விதான். பிள்ளை சொன்னாள்: “கொய்யாக்காயைக் கடிக்க முடியல. முன்பல்லு மேலயும் கீழயும் சேரவே மாட்டேங்குது. கடைவாயில வச்சுத்தான் கடிக்கிறேன்.” ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம், நான் இதைக் கவனிச்சதே இல்ல. சாதிப் பேர் சொன்னதற்குத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சண்டை தனி, அங்கேயே நடக்கும்.

போன வாரம் அந்தப் பால்பல் விழுந்தது. சாணியில் உருட்டிக் கூரைமேல எறியச் சொன்னாங்க அம்மா. காலனி வீட்டுக்குக் கூரை ஏது, தளம்தான். மேலே எறிஞ்சுட்டு, “சித்தி, டாக்டர் எந்தத் தேதி சொன்னாங்க?” என்றாள். வர்ற 12ஆம் தேதி. அக்கா வந்தா ஒரு நாள் கூலி போகும். நான்தான் கூட்டிப்போகிறேன்.