எட்சியில் இல்லாத வரி

என்னுடைய தவறுக்காக ஓர் இளம் பொறியாளர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை.

எங்கள் டெபியன் சர்வரில் பேக்கப்புக்கென்று ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் உண்டு. எந்தப் போர்ட்டில் சொருகினாலும் அது ஒரே பெயரில் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் சீரியல் நம்பரை வைத்து ஒரு யுடெவ் விதி எழுதினேன். அதற்கான இடம் எட்சிக்குள் இருக்கும் யுடெவ் ரூல்ஸ் ஃபோல்டர். நான் எழுதியதோ யுஎஸ்ஆர் லிப்புக்குள், யுடெவ் பேக்கேஜோடு வந்த ஃபைலிலேயே. அது ஏற்கெனவே திறந்திருந்தது. அடியில் ஒரு வரி சேர்த்தேன், வேலை முடிந்தது.

தெரியாமல் செய்ததல்ல. யுஎஸ்ஆர் பேக்கேஜ்களுக்கு உரியது, இந்த மெஷினுக்கென்று நாம் எழுதுவதெல்லாம் எட்சியில்தான் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். எட்சியில் உள்ள கான்ஃபிக் ஃபைலை நாம் மாற்றியிருந்தால், அப்டேட்டின்போது பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று டெபியன் கேட்கும். யுஎஸ்ஆரில் கேட்காது. புதிய ஃபைலை அப்படியே மேலே எழுதிவிடும்.

மவுண்ட் விஷயத்தில் இன்னும் மோசம். முன்பொரு தடவை எஃப்எஸ்டேபில் எழுதியிருந்த டிஸ்க்கைக் கழற்றியிருந்த நேரத்தில் சர்வர் ரீபூட் ஆனது. சிஸ்டம்டி 90 நொடி காத்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிறுத்திவிட்டது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்திருந்தால் டிஸ்க் இல்லாமலே பூட் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல் எஃப்எஸ்டேபையே ஒதுக்கிவிட்டு, ஆர்சி லோக்கலில் ஒரு மவுண்ட் கட்டளையைப் போட்டேன். அது தோற்றாலும் யாருக்கும் தெரியாதபடி பிழையை விழுங்கவும் வைத்தேன்.

சோம்பல் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த சர்வரில் எது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. லீவு நாளில் போன் வரும். "நீங்க வந்தாத்தான் சார் ஆகும்" என்பார்கள். அதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

திட்டு வாங்கிய அந்தப் பெண் முறைப்படி ஓர் இரவு அப்டேட் செய்து ரீபூட் செய்தார். யுடெவ் பேக்கேஜ் புதிதானது, என் வரி போய்விட்டது. பெயர் இல்லாததால் மவுண்டும் ஆகவில்லை. மவுண்ட் ஆகாத இடம் ரூட் டிஸ்க்கில் உள்ள வெறும் ஃபோல்டர்தானே. பேக்கப் ஸ்கிரிப்ட் இரவுதோறும் அதற்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. ரூட் நிரம்பியது, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றது, காலையில் பில்லிங் நின்றது.

மீட்டிங்குக்கு அவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறியது என்று வரி வரியாக எழுதி வைத்திருந்தார். "அப்டேட்டுக்கு அப்புறம்தானே எல்லாம்?" என்று மேலாளர் கேட்டார். நான் சொன்னேன்: "ஆமா சார். பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." நான் செய்ததிலேயே கேவலமானது இந்த வாக்கியம்தான்.

அன்று மாலை தனியாக இருந்து எல்லாவற்றையும் சரிசெய்தேன். விதியை எட்சிக்கு மாற்றினேன். எஃப்எஸ்டேபில் யூயூஐடியும் நோஃபெயிலும் போட்டு, ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை கொடுத்துச் சோதித்தேன். டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் பேக்கப் ஓடாதபடி ஸ்கிரிப்ட்டைத் திருத்தினேன். ஆர்சி லோக்கல் வரியை அழித்தேன். அழித்தது திருத்தத்துக்காக மட்டுமல்ல, தடயம் இருக்கக் கூடாது என்றும்தான்.

பிறகு அந்தப் பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மேலாளரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"யுடெவ் மாறினதை நான் லாக்ல பார்த்தேன் சார்," என்றார். "ஆனா நம்ம வரி யுஎஸ்ஆர்ல இருந்திருக்கும்னு தோணவே இல்ல. எட்சி முழுக்கத் தேடினேன். அங்கதான் இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."