கத்தி வாங்கிய கதை

நம் ஊரில் கத்தி வாங்குவது ஒரு பிரமாதமான காரியமல்ல. சந்தைக்குப் போகிறோம், கொல்லர் விரித்திருக்கும் சாக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் கூர் பார்க்கிறோம், விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டு வாங்கி வருகிறோம். அது கத்திரிக்காயைச் சரியாக நறுக்காவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் கறித் துண்டுகள் கொஞ்சம் பெரியவையாக இருக்கும். ஆனால் சைபருக்குக் கீழே 30 டிகிரி குளிரில், நடுக்காட்டில், ஒருவன் தன் உயிரையே ஒப்படைக்க வேண்டிய கத்தி என்றால், அதை எதைப் பார்த்து வாங்குவது? இந்தக் கேள்வி என்னை வந்தடையும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் தமக்கையின் குமாரன் பின்லாந்து தேசத்தின் வடபகுதியில், ரோவானியெமி நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். காட்டுக்குள் சென்று மரங்களை அளந்து கணக்கெடுப்பது அவன் வேலை. அந்நாட்டுச் சதுப்பு நிலங்கள் குளிர்காலத்தில் கல்லாக உறைந்து பாதையாகிவிடுவதால், நாம் கம்பளிக்குள் ஒளிந்துகொள்ள விரும்பும் காலத்திலேதான் அங்கே காட்டு வேலை மும்முரமாக நடக்கிறது. நான் அங்கே புறப்பட்டபோது தமக்கை, "தம்பி, குழந்தைக்கு என்னென்ன வேண்டுமோ பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டு வா" என்றாள். குழந்தைக்கு வயது 27. அவனுக்கு உடனே வேண்டியது ஒரு நல்ல கத்தி என்று அவனோடு வேலை செய்யும் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் சென்ற கடையில் பலவிதக் கத்திகள் கண்ணைப் பறித்தன. முதுகில் ரம்பப் பல் வைத்தவை, பிடிக்குள் திசைகாட்டி ஒளித்தவை, கறுப்பு வர்ணம் பூசியவை — யுத்தத்துக்குப் போகிறவன்கூட இவ்வளவு ஆயத்தத்தோடு போகமாட்டான்! கடைக்கார அம்மையார் வயதில் மூத்தவர். அவர் இவற்றில் எதையும் எடுத்துக் காட்டவில்லை. மருமகன் சட்டைப்பையில் வைத்திருந்த மடக்குக் கத்தியைக் கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு தடித்த கையுறை ஒரு ஜோடியை அவனிடம் கொடுத்து, "இதை மாட்டிக்கொண்டு உன் கத்தியைத் திற, பார்ப்போம்" என்றார். நகத்தைச் செருகித் திறப்பதற்காக அலகில் சிறு பள்ளம் ஒன்று இருந்தது. கையுறைக்கு நகம் ஏது? அவன் கையுறையைக் கழற்றப் போனான். "கூடாது" என்றார் அம்மையார்.

அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. குளிர் மிகும்போது, இருதயம் முதலிய உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக, கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தை உடம்பு குறைத்துவிடுகிறது. விரல்கள் முதலில் உணர்ச்சியை இழக்கின்றன. அடுத்தபடி சொன்ன சொல்லைக் கேட்பதில்லை. ஜாக் லண்டன் 1908-ல் வெளியிட்ட சிறுகதை ஒன்றில், வடகனடாவின் பனிக்காட்டில் அகப்பட்டுக்கொண்ட ஒரு மனிதன், மூட்டிய நெருப்பு அணைந்துபோன பிறகு, தன் நாயைக் கொன்று அதன் உடற்சூட்டில் கைகளை மீட்கலாமென்று எண்ணுகிறான். இடுப்பில் கத்தி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மரத்துப்போன கைகளால் அதை உறையிலிருந்து உருவவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. நாய் பிழைக்கிறது, அவன் பிழைக்கவில்லை. அந்தக் கத்தி எவ்வளவு கூராயிருந்து என்ன பிரயோஜனம்?

ஆகையால் வடதேசத்தார் அலகைவிடப் பிடியையும் உறையையுமே கவனித்துப் பார்க்கிறார்கள். பின்லாந்தின் 'பூக்கோ' என்ற கத்தி பார்வைக்கு வெகு சாதாரணம். அலகு சுமார் 10 சென்டிமீட்டர்; மடங்காது. பிடியோ பூர்ச்ச மரத்தினால் ஆனது, அல்லது அம்மரத்தின் பட்டையை வில்லை வில்லையாக அடுக்கி இறுக்கியது. (வடஇந்தியாவில் முற்காலத்தில் ஏடாக உபயோகித்த பூர்ஜ பத்திரம் இந்த இனத்து மரத்தின் பட்டைதான்.) இரும்பு, மரத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது, கடுங்குளிரில் ஈரக்கை பட்டால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். மரமும் பட்டையும் அந்தக் கொடுமையைச் செய்வதில்லை. தோல் உறையும் பாதிப் பிடிவரை ஏறி நிற்கிறது. பித்தானும் கொக்கியும் இல்லாமல், இறுக்கத்தினாலேயே கத்தியைப் பிடித்துக்கொள்கிறது. ஈரக் கத்தியை அப்படியே உறையில் போட்டால் மட்டும் ஆபத்து: ஈரம் பனிக்கட்டியாகிக் கத்தியும் உறையும் ஒன்றாகிவிடும். துடைத்துத்தான் போட வேண்டும்.

அலகைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மிகக் கடினமாகப் பதம் செய்த எஃகு நெடுநாள் கூர் மழுங்காது. ஆனால் உறைந்த மரத்தின் கணுவில் பட்டால் வாய் தெறித்துவிடும். குளிரில் பல வகை எஃகு நெகிழ்ச்சி இழந்து கண்ணாடிபோல் உடையும் தன்மை பெறுகிறது. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் சும்மா நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் ஓர் இரவில் நடுவே பிளந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். கப்பலுக்கே இந்தக் கதி! ஆகவே சற்று மிருதுவான பதம், சற்றுத் தடித்த வாய் — இவையே நலம். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம்; உடைந்தால் காட்டில் கொல்லர் பட்டறை கிடையாது.

அதே வடபிரதேசத்தில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், சிறு கத்தியோடு 'லெயுக்கு' என்னும் நீண்ட கத்தியையும் வைத்துக்கொள்வதுண்டு. கிளை வெட்டவும் எலும்பு பிளக்கவும் அது சிறு கோடரியாக உதவுகிறது. கிரீன்லாந்தின் வடமேற்கில் வாழும் மக்களின் சாமர்த்தியம் இதையும் மிஞ்சியது. அவர்களுக்கு இரும்புச் சுரங்கம் இல்லை. வானத்திலிருந்து விழுந்த எரிகல்லிலிருந்து சிறு சிறு தகடுகளைத் தட்டியெடுத்து, தந்தத்திலும் எலும்பிலும் பதித்துக் கத்தி செய்துகொண்டார்கள். 1818-ல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் மாலுமி அவற்றைக் கண்டு வியந்தார். அந்த எரிகற்களில் பெரியது சுமார் 31 டன் எடை. அதை 1897-ல் பியரி என்பவர் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார். இன்று நியூயார்க் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் கரடியோடு மல்லுக்கு நிற்பதற்கென்று நேயர்கள் எண்ண வேண்டாம். முக்கியமான வேலை நெருப்பு மூட்டுவதுதான். நின்றபடியே காய்ந்து வெளிறிய பைன் மரத்தின் கட்டையை எடுத்து, பாக்குச் சீவலைப்போல் மெல்லிய சுருள்களாகச் சீவி, சுருள்கள் கட்டையை விட்டு விழாமல் பூப்போல் நிற்கும்படி விட வேண்டும். அடியில் பூர்ச்சப் பட்டை. அதில் எண்ணெய்ப் பசை உண்டாகையால் ஈரத்திலும் எரியும். குளிரில் கைபேசியின் மின்கலம் சீக்கிரமே உயிரை விட்டுவிடும். அதன் பிறகு இந்தச் சீவல்தான் துணை.

மருமகன் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையாலும் இடக்கையாலும் மாற்றி மாற்றி ஏழெட்டுக் கத்திகளை உருவிப் பார்த்தான். கடைசியில் அவன் கையில் தங்கியது, விலையில் நடுத்தரமான, பட்டைப் பிடி போட்ட பூக்கோ. அம்மையார் தலையசைத்தார்.

"அந்த நாட்டில் கத்தியைப் பரிசளிப்பது பெரிய மரியாதையாம், மாமா" என்றான் பையன். இருந்தாலும் நான் அதைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே எடுத்து, ஐந்து ஸென்ட் நாணயம் ஒன்றை என் முன்னால் வைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் தமக்கை கேட்ட முதற்கேள்வி, "கைக்குக் கையாகக் கொடுக்கவில்லையே?" என்பதுதான். இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "கையுறை எத்தனை ஜோடி வைத்திருக்கிறான்?" என்று கேட்டாள்.