கழுவப் போன தூள்

என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்ற வைக்கும். கைதேர்ந்த விமானி அதை வைத்தே தரையிறக்கிவிடலாம். இரண்டு என்ஜின் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று துணை. ஆனால் ரோட்டாரைச் சுற்றும் கியர்பாக்ஸுக்குத் துணை கிடையாது.

1982 செப்டம்பர் 11. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் விமானக் கண்காட்சி. அமெரிக்க ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று, பாராசூட்டில் குதிக்க வந்த பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சினூக்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டார்கள். ஒன்றின் இறக்கைகள் மற்றதன் வட்டத்துக்குள் புகுந்து சுற்றும். அவை முட்டிக்கொள்ளாமல் காப்பது கியர்களும், இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட்டும்தான். அன்று முன்பக்க கியர்பாக்ஸ் கெட்டுப்போய், இறக்கைகள் மோதிக்கொண்டன. குதிக்க வந்தவர்கள் யாரும் குதிக்கவே இல்லை. 46 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் அகப்பட்டது வால்நட் ஓட்டுத் தூள்! உலோகத்துக்குச் சேதமில்லாமல் அழுக்கை எடுக்கும் என்று பாகங்களைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மிச்சமாக உள்ளே தங்கிய தூள், எண்ணெய் பீய்ச்சும் சிறு துவாரங்களை அடைத்துவிட்டது. எண்ணெய் கிடைக்காத பேரிங் எத்தனை நேரம் தாங்கும்?

நான் பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கியர்பாக்ஸைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றால் ஊதி வைப்போம். எங்கள் ஃபோர்மேன் அதோடு விடமாட்டார். ஒவ்வொரு எண்ணெய்த் துவாரத்திலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பனியன் வேஸ்ட்டின் ஒரு நூல் கண்ணில் பட்டாலும், "கழுவினது பாதி வேலைதான் தம்பி. கழுவினதையும் கழுவணும்" என்பார். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஊதுவோம். பஸ் கியர்பாக்ஸ் போனால் வண்டி ஓரமாக நிற்கும். பயணிகள் நம்மைத் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போவார்கள். ஆகாயத்தில் ஓரம் ஏது?

ராணுவத்தில் பறப்பவருக்குப் பதக்கம் தருகிறார்கள். தர வேண்டியதுதான். ஆனால் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில் அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்த கையையும் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.