பொருத்தமில்லாத ஜோடி

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு மர்மத் தொடர்கதை எழுதினேன். அதில் கொலை உண்டு, காணாமற்போன உயில் உண்டு, காதலும் உண்டு. கதாநாயகன் படித்தவன், பண்புள்ளவன். கதாநாயகியும் அப்படியே. பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "இவர்கள் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறதே! அப்புறம் நான் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கதை முடிந்ததும் வந்த கடிதங்கள் அவள் பக்கமே பேசின. 'கொலையாளி யார் என்று தெரிந்தது. சந்தோஷம்' என்று எழுதியிருந்தார் ஒருவர். காதலர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

நான் எங்கே தவறினேன் என்பது, சென்ற மாதம் ஒரு பழைய ஆங்கிலப் படத்தை நாங்கள் இருவரும் பார்த்தபோதுதான் விளங்கியது. ஜான் பக்கன் 1915-இல் வெளியிட்ட 'முப்பத்தொன்பது படிகள்' நாவலை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1935-இல் படமாக்கினார். நாவலில் ஓட்டமும் துரத்தலும்தான். கதாநாயகி என்று ஒருத்தி இல்லை. அவளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் படக்காரர்கள். எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

செய்யாத கொலைக்காகப் போலீஸ் தேடும் ஒருவன், ஓடும் ரயிலில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காதலிபோல் கட்டித் தழுவி முத்தமிடுகிறான். அவள் என்ன செய்கிறாள்? போலீஸாரிடம் அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறாள்! பிற்பாடு எதிரியின் ஆட்கள் அந்த இருவரையும் ஒரே கைவிலங்கில் பூட்டுகிறார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சேர்ந்தேதான் ஓடவேண்டும். கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரு விடுதியில் தங்குகிறார்கள். ஈரமான காலுறையை அவள் கழற்றும்போது அவன் கையும் கூடவே போகிறது. நமக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

இரவில் அவன் தூங்கியதும், அவள் கையை நெளித்து நெளித்து விலங்கிலிருந்து உருவிக்கொள்கிறாள். தப்பிப்பதற்காக வெளியே வருகிறாள். கீழே எதிரியின் ஆட்கள் டெலிபோனில் பேசுவது காதில் விழுகிறது. அவன் சொன்னதெல்லாம் உண்மை! அவள் ஓடிப்போகவில்லை. அறைக்குத் திரும்புகிறாள்.

அந்த இடத்தில் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நானும்தான்.

இத்தகைய கதைகளில் மர்மத்துக்கும் காதலுக்கும் கேள்வி ஒன்றே: 'இவனை நம்பலாமா?' டாஃப்னி டூ மாரியர் 1938-இல் எழுதிய 'ரெபெக்கா'வையே பாருங்கள். பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் எளிய பெண், மாளிகைக்காரன் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகிறாள். கணவன் மூத்தாளை இன்னும் நினைத்து உருகுகிறானா என்பது அவள் கவலை. மூத்தாள் எப்படி இறந்தாள் என்பது நம் கவலை. இரண்டும் ஒரே பதிலில் தீர்கின்றன. என் தொடர்கதையிலோ கொலை ஒரு தெருவிலும் காதல் மறு தெருவிலும் போய்க்கொண்டிருந்தன.

"நம் ஜாதகமும் பொருந்தவில்லை என்று உங்கள் அத்தை சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா?" என்றாள் மனைவி.

இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதென்று அவள் பெட்டியில் துணிகளை அடுக்கியதும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் அவை பழையபடி பீரோவில் இருந்தன. என்ன காரணம் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அது மட்டும் தெரிந்துவிட்டால், உருப்படியாக ஒரு தொடர்கதை எழுதிவிடுவேன்!