எத்தனை விநாடி?

பிப்ரவரி 19, ஆல்டா

நாள் முழுக்க மேகம். ராத்திரியும் விலகாதாம். துருவ ஒளியான அரோராவைப் படமெடுக்க வருகிறவர்களில் பலர், பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை அளக்கும் கேபி எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 5, 6 என்று வந்தால்தான் கேமராவைத் தொடுவது என்று அறைக்குள் காத்திருக்கிறார்கள். ஆல்டா 70 டிகிரி வடக்கில், அரோரா வளையத்தின் கீழேயே இருக்கும் நார்வே ஊர். இங்கே கேபி 2 தாராளம். வேண்டியது மேகமில்லாத வானம்.

வேலை இல்லாததால் பொஸ்ஸெகோப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். இன்று அது ஆல்டாவின் ஒரு பகுதி. 1892-இல் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் அரோராவை முதன்முதலில் புகைப்படத் தகட்டில் பதித்தது இங்கேதான். அதற்குப் பத்தாண்டு முன்பு சோஃபஸ் டிரோம்ஹோல்ட் தெற்கே கௌடகெய்னோவில் குளிர்காலம் முழுக்கத் தங்கி முயன்றார். தகட்டில் ஒன்றும் விழவில்லை. அவர் அங்கே எடுத்த சாமி பழங்குடி மக்களின் படங்கள்தான் நிலைத்தன, இன்று யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இருக்கின்றன. நான் மிகவும் நேசிக்கும் படங்கள் அவை.

பிப்ரவரி 20

மறுபடி மேகம். காஃபியூர்டு வரை போய் ஹால்டெ மலையைக் கீழிருந்து பார்த்ததோடு சரி. உச்சியில், 904 மீட்டர் உயரத்தில், நார்வே இயற்பியலாளர் பிர்க்கலண்ட் 1899-இல் கட்டிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களுக்கு இழுப்பதால்தான் இந்த ஒளி என்று அடித்துச் சொன்னவர் அவர். நார்வேயின் பழைய 200 குரோனர் நோட்டில் அவர் முகம் இருந்தது.

படமெடுப்பவர்கள் கும்பிட வேண்டிய ஆள் இன்னொருவர்: கார்ல் ஸ்டோர்மர். கணிதப் பேராசிரியர். 1910-இல் பொஸ்ஸெகோப்புக்கு வந்து, சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை நிறுத்தி, நடுவே தொலைபேசிக் கம்பி இழுத்தார். இங்கிருந்து சொன்னதும் இரண்டு ஷட்டரும் ஒரே சமயத்தில் திறக்கும். பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை வைத்து, இரண்டு படங்களிலும் ஒளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்று அளந்தால் உயரம் கிடைத்துவிடும். அரோராவின் கீழ் விளிம்பு ஏறக்குறைய 100 கி.மீ. உயரத்தில் நிற்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது. அவருக்குக் கைகொடுத்தது சினிமா கேமராவின் சின்ன லென்ஸ். நிறைய ஒளியை உள்ளே விடுவதால் சில விநாடிகளே போதும், உருவம் கலையாது.

பிப்ரவரி 21, நள்ளிரவு தாண்டி

வானம் திறந்துவிட்டது! ஊர் வெளிச்சத்தைத் தாண்டி ஆற்றோரம் போனேன். மைனஸ் 18. ட்ரைபாட்டை வெறுங்கையால் தொட முடியாது. மாற்று பேட்டரி சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில். வெளியே வைத்தால் குளிரே குடித்துவிடும். லென்ஸ் முன்னாலிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அரோராவின் பச்சை ஒரே அலைநீளத்தில், 557.7 நானோமீட்டரில், வருவதால் அந்தத் தட்டைக் கண்ணாடிக்குள் முட்டி மோதி, படத்தின் நடுவில் வட்ட வட்டமாக வரி விழும். கணினியில் உட்கார்ந்து அதை அழிப்பது பெரும்பாடு. பிறகு ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பி, நகராதபடி டேப் ஒட்டினேன்.

ஒன்பதரைக்கு வடக்கே தாழ்வாக ஒரு வில். கண்ணுக்கு வெறும் வெளுப்பு. எட்டு விநாடி திறந்ததும் கேமரா நல்ல பச்சையைக் காட்டியது.

பதினொன்றரைக்கு வில்லின் கீழ் விளிம்பு பளிச்சென்று ஆனது. கிழக்கிலிருந்து ஒரு மடிப்பு ஓடி வந்து, சுருண்டு, இரண்டாகப் பிரிந்து தலைக்கு மேல் ஏறியது. அடியில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு. அதைக் கண்ணாலேயே பார்த்தேன்! ஷட்டரை நான்கு, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தேன். ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8. ஒரு விநாடிப் படங்களில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக நிற்கிறது. அதே ஒளியை எட்டு விநாடி எடுத்திருந்தால் வானம் முழுக்கப் பச்சைக் குழம்புதான் மிஞ்சியிருக்கும்.

உயரே மங்கலாகச் சிவப்பு. அதில் கூர்மையை எதிர்பார்க்கக் கூடாது. பச்சையைத் தரும் ஆக்சிஜன் அணு ஒரு விநாடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்புக்கு இரண்டு நிமிடம் வரை ஆகும். அதற்குள் அணு எங்கேயோ நகர்ந்துவிடுகிறது. 200 கி.மீ.க்கு மேல், காற்று மிக மெலிந்த இடத்தில்தான் அதற்கு அந்த அவகாசம்.

பிப்ரவரி 22

படங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் வந்தவர்கள் சிலர் “படத்தில் பார்த்தது மாதிரி இல்லையே” என்று சோர்ந்து போவதை இங்கே கண்டேன். அவர்கள் மேல் தப்பில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது; கேமராவோ விநாடிக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். 2024 மே மாதப் பெரும் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு வானத்தைப் பிடித்தவையும் கேமராக்களே. வடக்கே வெகு தொலைவில் எரிந்த ஒளியின் மேல்பகுதி மட்டும் தொடுவானத்துக்கு மேல் எட்டிப் பார்த்ததால் அங்கே பச்சை இல்லை, சிவப்பு மட்டும்.

கேமரா அதிகம் காண்பது குற்றமல்ல. ஆனால், அது கண்டதன் மேல் கணினியில் இன்னும் பச்சையை ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை. நேற்றைய படங்களில் வெளிச்சத்தைச் சற்றே சரிசெய்தேன். நிறத்தைத் தொடவில்லை.

அரோரா படம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை விநாடி திறந்தீர்கள் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். படத்தை நம்பி வருகிறவர் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து வரட்டும்.